தங்கவயலும் பனிவயலும்

உலகில் நடைபெறும் தொழில்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஆண்டு முழுதும் ஓயாது நடப்பன ஒருவகை. பருவத்தோடு தோன்றிப் பருவத்தோடு மறைவன மற்றொருவகை. நம் இருப்புப்பாதைத் தொழில் முதல்வகை. மழை வந்தால் நின்றுவிடும் உப்பளத் தொழிலும், உதகையிலும் கொடைக்கானலிலும் 'சீசன்' வந்தால் மட்டும் களைகட்டும் கடைத்தொழிலும் இரண்டாம் வகை. இவ்விரண்டாம் வகையிலே, நம்மில் பலர் கண்ணால் கண்டிராத ஒரு தொழில் உண்டு. பனிமலைச் சரிவில் சறுக்கி விளையாட வருவோர்க்குப் பலகையும் காலணியும் வாடகைக்குக் கொடுத்து, அவற்றைப் பழுதுபார்த்து, மெழுகு பூசி, அதனாற் பிழைக்கும் தொழிலே அது. வெயிற்காயும் கோலார் நாட்டில் வாழும் நமக்கும் பனிச்சறுக்குக் கடைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. தங்கம் தோண்டிய தொழிலாளரும் பனிச்சறுக்குத் தொழிலாளரும் வரலாற்றில் ஒருமுறை ஒரே மலையில் வாழ்ந்தவர்கள். இன்றும் அவ்விரு கூட்டத்தாரின் கவலையும் ஒன்றே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதியும் பொடிப்பனியும்

நம் பக்கத்து ஊராகிய பூதிகோட்டையை அறியாதார் இல்லை. மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு அதனைப் போற்றும். பூதி என்பது திருநீறு. நீற்றின் பெயரால் ஓர் ஊர் இருக்க, அதனை அடுத்த தங்கவயலிலோ நீறு போன்ற வெண்மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கின்றது. பாறையை வெட்டி, இடித்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பொடி அது. நிலவொளியில் அக்குன்றுகளை நோக்கியவர்க்குப் பனிமலை எப்படி இருக்கும் என்று ஒருவாறு விளங்கும்.

பனியிலும் இத்தகைய பொடி உண்டு. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். இமயமலையிலோ வானத்திலிருந்து பனி பஞ்சு போல் விழுகின்றது. கடுங்குளிரில், ஈரம் மிகாமல் விழும் புதிய பனி ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் உருண்டையாகப் பிடிக்க வராது; ஊதினால் பறக்கும். அதன் பருமனில் பெரும்பகுதி காற்றே. ஒரு சாண் உயரப் புதுப்பனியை உருக்கினால் ஒரு விரற்கடை நீர் தேறுவதே அரிது. இதனையே சறுக்குவோர் 'பவுடர்' என்பர். நாம் பொடிப்பனி எனலாம். இரவெல்லாம் இப்பனி பெய்து, காலையில் வானம் வெளுத்து, யாருடைய அடியும் படாத வெண்சரிவு கண்முன் விரிந்து கிடக்கும் நாளே பொடிப்பனி நாள். சறுக்குவோர்க்கு அது திருநாள்.

பலகையின் பிறப்பு

காலில் பலகை கட்டிப் பனிமேற் செல்லும் வழக்கம் மிகப் பழமையானது. வட ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இவ்வாறு சென்றனர். 'ஸ்கீ' என்னும் சொல்லே பிளந்த மரம் என்னும் பொருளுடைய பழைய நார்வே மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகும். அக்காலத்தில் இது விளையாட்டன்று. வேட்டைக்கும் விறகுக்கும் அண்டை வீட்டுக்கும் செல்லும் வழியே இதுதான்.

இதனை விளையாட்டுக் கலையாக உயர்த்தியவர்களுள் தலைசிறந்தவர் நார்வே நாட்டு டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நூர்ஹைம். 1825-ஆம் ஆண்டில் பிறந்த இவர் பெருஞ்செல்வர் அல்லர். பிறர் நிலத்தில் குடியிருந்து உழைத்த ஏழை. பண்டைப் பலகைகளில் கால்விரலை மட்டும் வாரில் நுழைத்துக்கொள்வர்; குதித்தால் பலகை கழன்றுவிடும். இவரோ மரவேரை நனைத்து முறுக்கிக் குதிகாலையும் சேர்த்துக் கட்டும் முறையைக் கையாண்டார். பலகையின் நடுவைச் சற்றே குறுக்கித் திரும்புவதை எளிதாக்கினார். 1868-இல் தலைநகரில் நடந்த போட்டியில் தம் நாற்பத்திரண்டாம் வயதில் இளைஞர்களை வென்றார். புகழ் வந்தது, பொருள் வரவில்லை. 1884-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். டக்கோட்டாவின் சமவெளியில் வாழ்ந்து 1897-இல் மறைந்தார்.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். அதனையொட்டிய ஆண்டுகளிலேதான் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு இங்கு வந்து சேர்ந்தனர். நிலமற்றவன் பிழைப்புத் தேடிப் பெயர்வது நம் இனத்துக்கு மட்டும் நேர்ந்த விதியன்று.

பொன் தேடியவரும் பனிச்சறுக்கும்

இனி, பொன்னும் பனியும் சந்தித்த இடத்துக்கு வருவோம். 1848-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பல நாட்டாரும் அங்கே விரைந்தனர். சியரா நெவாடா மலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் முகாம்கள் எழுந்தன. குளிர்காலம் வந்தால் வீட்டின் கூரை வரை பனி மூடிவிடும். நீர் உறையும்; பொன் கழுவும் வேலை நிற்கும். அவ்வேளையில் நார்வே நாட்டுத் தொழிலாளர் தம் ஊர்ப் பலகைகளைச் செய்து காலில் கட்டிக்கொண்டனர். மற்றவரும் கற்றனர். 1860-களில் லா போர்ட் முதலிய முகாம்களில் சுரங்கத் தொழிலாளர் பந்தயம் வைத்து ஓடினர். பன்னிரண்டு அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள பலகைகள். கையில் ஒற்றைக் கம்பு. திருப்பம் இல்லாத நேர்ச் சரிவு.

இப்பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானித்தவர், ஓடியவர் மட்டுமல்லர். பலகையின் அடியில் பூசும் மெழுகைக் காய்ச்சியவரும் ஆவார். திமிங்கிலக் கொழுப்பு, மரப்பிசின், கற்பூரம் முதலியவற்றை அளவறிந்து கலந்து, குளிர்பனிக்கு ஒன்று, ஈரப்பனிக்கு ஒன்று என்று பலவகை மெழுகு செய்தனர். 'டோப்' என்பது அதன் பெயர். செய்முறையைச் சித்த வைத்தியர் மருந்தைக் காப்பதுபோல் மறைத்துக் காத்தனர். இன்றைய பனிச்சறுக்குக் கடைத் தொழிலாளரின் குலமுதல்வர் இவர்களே என்று சொல்வதில் தவறில்லை. அவர்களும் பொன் முகாமின் மக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

அதே மலையில் தாம்சன் என்னும் நார்வே நாட்டவர் ஒருவர் இருந்தார். அவரும் முதலில் பொன் தேடி வந்தவரே. 1856 முதல் இருபது குளிர்காலம், பிளேசர்வில் ஊருக்கும் நெவாடாப் பள்ளத்தாக்குக்கும் இடையே ஏறத்தாழ 90 மைல் தொலைவைப் பலகைமேற் சென்று தபால் சுமந்தார். போக மூன்று நாள். வர இரண்டு நாள். முதுகில் 60 முதல் 100 இராத்தல் எடை. போர்வையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வழியில் சிக்கியவர்களைக் காப்பாற்றினார். மருந்து கொண்டுவந்து கொடுத்தார். இத்தனைக்கும் அரசாங்கத்திடமிருந்து அவர் பெற்ற ஊதியம் ஒன்றுமில்லை எனலாம். வாஷிங்டன் நகர் வரை சென்று முறையிட்டும் பயன் விளையாது 1876-இல் உயிர் நீத்தார். அவருடைய கல்லறைக் கல்லில் இரு சறுக்குப் பலகைகள் செதுக்கப்பட்டுள்ளன. உழைத்தவன் கூலிக்குக் காத்திருந்தே கண்மூடிய கதை தங்கவயல் மக்களுக்குப் புதிதன்று.

குல்மார்க்

நம் நாட்டில் இத்தொழிலுக்குத் தலைமையிடம் காஷ்மீரத்துக் குல்மார்க். பூக்களின் புல்வெளி என்பது பெயரின் பொருள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். நம் உதகையினும் உயர்ந்தது. கோடையில் ஆங்கிலேயர் இங்கே வெயிலுக்கு ஒதுங்கினர், கோல்ப் ஆடினர். ஆங்கிலப் படை அதிகாரிகள் 1927-இல் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை இங்கே நிறுவினர். தங்கவயலில் துரைமாருக்குக் கிளப்பும் விளையாட்டுத் திடலும் அமைந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இக்காட்சி புலப்படும். இழுத்துச் செல்லும் இயந்திரம் ஏதும் இல்லாத அந்நாளில், ஒருமுறை சறுக்க மணிக்கணக்காக மலையேற வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் இந்தியப் படையினர் இங்கே பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதுவே வளர்ந்து உயர்மலைப் போர்ப்பள்ளி ஆயிற்று. 1968-இல் ஆஸ்திரிய நாட்டு வல்லுநர் ருடால்ப் மாட் வந்து பார்த்து, குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடம் குல்மார்க்கே என்று தெரிவித்தார். பயிற்சி நிலையம் எழுந்தது. உள்ளூர் இளைஞர் பலர் அங்கே கற்று ஆசிரியர் ஆயினர். சிலர் பலகை வாடகைக் கடை வைத்தனர். 1980-களின் இறுதியில் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி வண்டிக்கான பணி தொடங்கியது. 1990-இல் நாட்டில் விளைந்த கலகத்தால் நின்றுபோயிற்று. 1998-இல் முதற்பகுதியும், 2005-இல் அபர்வத் மலையின் தோள் வரை செல்லும் இரண்டாம் பகுதியும் ஓடத் தொடங்கின. அன்று முதல் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். பொடிப்பனியை நாடி ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மக்கள் வந்து குவியலாயினர்.

கடையின் உள்ளே

காஷ்மீரத்தார் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்', பெருங்குளிர். அதன்பின் இருபது நாள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா', குழந்தைக் குளிர். இந்த எழுபது நாளும் அதன் முன்னும் பின்னும் சில வாரங்களுமே கடைத் தொழிலாளரின் ஆண்டு வருமானம்.

விடியுமுன்னே கடையில் 'புகாரி' என்னும் இரும்பு அடுப்பு எரியும். 'பெரன்' என்னும் தொளதொளத்த நீள அங்கிக்குள் 'காங்கிரி' என்னும் கனல்சட்டியை அணைத்துக்கொண்டு தொழிலாளர் வருவர். முதல்நாள் நனைந்த காலணிகளை எடுத்துப் பார்ப்பர். உட்புறம் உலராவிட்டால் அணிபவரின் விரல் மரத்துப்போகும். பின்னர் பலகைகள். கல்லில் உரசிய அடிப்பாகத்தில் வெட்டுக்காயம் இருந்தால் நெகிழிக் குச்சியை உருக்கி ஊற்றி அடைப்பர். ஓரத்து எஃகு விளிம்பை அரத்தால் தீட்டுவர். இவ்வெஃகு விளிம்பை 1926-இல் கண்டுபிடித்தவர் சால்ஸ்பர்க் நகரத்துக் கணக்கர் ருடால்ப் லெட்னர் என்பவர்; கணக்கெழுதும் தொழிலாளருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அடுத்து, சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கிச் சொட்டித் தேய்த்து, ஆறவிட்டுச் சுரண்டி, தூரிகையால் துடைப்பர். கடுங்குளிருக்கு வன்மெழுகு, வெயில் ஏறிய பங்குனிப் பனிக்கு மென்மெழுகு. கலிபோர்னியத் தொழிலாளர் கண்டறிந்த விதி இன்றும் மாறவில்லை.

எல்லாவற்றினும் பொறுப்பு மிக்கது பூட்டு. காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழுந்தால் விட்டுவிட வேண்டும், விழாதபோது விடலாகாது. வாடிக்கையாளரின் எடை, உயரம், வயது, திறமை, காலணியின் அடி நீளம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அட்டவணை பார்த்துத் திருகாணியைத் திருப்புவர். தளர்ந்தால் சரிவின் நடுவே பலகை கழலும். இறுகினால் முழங்கால் எலும்பு முறியும். சிலர் வெட்கப்பட்டு எடையைக் குறைத்துக் கூறுவர். சிலர் செருக்கினால் திறமையை மிகைத்துக் கூறுவர். முகம் பார்த்து உண்மையை அறிபவரே நல்ல தொழிலாளர். சுரங்கத்தில் மனிதரை இறக்கும் கூண்டின் விசையைக் கையாண்ட இயந்திர ஓட்டியின் பொறுப்புக்கு இதனை ஒப்பிடலாம். கருவியைத் தொடுபவர் ஒருவர். அதனை நம்பி உயிரை வைப்பவர் மற்றொருவர்.

பொடிப்பனி நாள்

இரவு முழுதும் பனி பெய்தால் கடையில் இருவகை உணர்ச்சி எழும். பரபரப்பு ஒன்று, ஆசை மற்றொன்று. ஒடுங்கிய பலகைகள் புதுப்பனியில் அமிழும். ஆதலால் அன்று அகன்ற பலகைகளையே அனைவரும் கேட்பர். வரிசை வாசலைத் தாண்டும். கடைத் தொழிலாளரும் சறுக்கத் தெரிந்தவரே. பலர் அதற்காகவே இவ்வேலையில் நிற்பவர். ஆயினும் எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகே அவர் வெளியே வர முடியும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் உண்ணும் சமையற்காரரைப் போல, பிறர் கோடு கிழித்த சரிவில், எஞ்சிய மூலையைத் தேடிச் செல்வார். மரங்களின் இடையே யாரும் தொடாத சிறு வெளி எங்கே இருக்கும் என்பது அவருக்கே தெரியும். அரைமணிப் பொழுது கிட்டினால் போதும்; அதில் அவர் தொழிலாளர் அல்லர், வேந்தர்.

அழகோடு ஆபத்தும் சேர்ந்தே விழுகின்றது. பழைய இறுகிய பனியின்மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடந்தால், ஒரு மனிதரின் எடையே அதனைச் சரியச் செய்யும். 2010 பிப்ரவரியில் கிலன்மார்க் அருகே பயிற்சியிலிருந்த 17 படைவீரரைப் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுச் சறுக்கர் இருவர் மாண்டனர். ஆதலால் நல்ல கடைகள் பலகையோடு மூன்று பொருள்களையும் தருகின்றன: புதைந்தவர் இருக்குமிடத்தை ஒலியால் காட்டும் சிறு வானொலிக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், தோண்டும் மண்வாரி. இவற்றைக் கையில் கொடுத்தால் போதாது. கையாளக் கற்பிக்கவும் வேண்டும். இன்று மேலே போகாதீர் என்று சொல்லி, வரும் வாடகையை இழக்கத் துணிபவரே அம்மலையின் உண்மையான காவலர்.

பனி பொய்த்தால்

மழை பொய்த்தால் உழவர் வாடுவது போலப் பனி பொய்த்தால் இவர் வாடுவர். காஷ்மீரத்துக்குப் பனி கொண்டுவருவது மத்தியதரைக்கடற் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய காற்றலைகள். அவை தாழ்த்தாலும் தவறினாலும் மலை மொட்டையாகும். 2024 ஜனவரியில், பெருங்குளிர் நாற்பது நாளின் நடுவே, குல்மார்க்கின் சரிவுகளில் காய்ந்த புல் தெரிந்தது. மாத இறுதியிலேதான் பனி விழுந்தது. 2025-இல் பிப்ரவரியில் நடக்கவேண்டிய 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் மார்ச் மாதத்துக்குத் தள்ளப்பட்டன. அச்சமும் பனிக்குறைவைப் போலவே தொழிலைக் கெடுக்கும். 2025 ஏப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் காஷ்மீரத்துக்கு வருவோர் தொகை வீழ்ந்தது. பலகை வைத்திருப்பவர், மரச்சறுக்கு வண்டியில் பயணிகளை அமர்த்தித் தோளாலிழுப்பவர், குதிரைக்காரர், தேநீர் விற்பவர் ஆகிய அனைவருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைகின்றது.

ஒரே பொருளை நம்பி வாழும் ஊரின் நிலை இதுவே. தங்கவயலும் ஒரே பொருளை நம்பி வாழ்ந்தது. 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்ட ஊர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் வைகறை வண்டியில் பெங்களூருக்குச் சென்று இரவில் மீளும் வாழ்க்கை நம் இளைஞருக்கு வாய்த்தது. பயணச்சீட்டு அலுவலகத்தின் கம்பிக்குப் பின்னே அமர்ந்திருக்கும் எமக்கு அந்த வரிசையின் நீளம் தெரியும்.

குல்மார்க் மக்கள் இதனை ஓரளவு உணர்ந்தே வாழ்கின்றனர். கோடையில் ஆப்பிள் தோட்டத்திலும், குதிரை ஓட்டலிலும், மலைவழி காட்டலிலும் ஈடுபடுகின்றனர். ஒரு தொழில் உறங்கும்போது மற்றொன்று சோறு போடுகின்றது. இருப்புப்பாதையும் அவர்களுக்குத் துணை வந்துள்ளது. 2025 ஜூன் 6-இல் செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலம் திறக்கப்பட்டு, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வண்டி ஓடத் தொடங்கிற்று. அவ்வாண்டே செப்டம்பரில் ஆப்பிள் ஏற்றிய பார்சல் வண்டி புட்காமிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்டது. பாதை வந்தால் பண்டம் போகும்; பயணி வருவார்.

கடை வளர்த்த வீரர்

இறுதியாக ஒன்று. 1964-இல் இன்ஸ்ப்ருக் நகர் ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி பனிச்சறுக்கில் இந்தியாவின் பெயரால் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டின் முதல் வீரர் அவரே. 2022-இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்ற ஒரே வீரர் குல்மார்க்கின் ஆரிப் கான். அவருடைய தந்தையார் குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கடை நடத்துபவர். நான்கு வயதில் அக்கடையின் பலகையிலே ஏறிய சிறுவர், உலகின் தலைசிறந்த சறுக்கர் நடுவே பெருஞ்சறுக்குப் போட்டியில் 45-ஆம் இடத்தைப் பெற்றார். பரிசு இல்லை என்பர் சிலர். போட்டியில் இறங்கியோர் பலர் முடிக்காமலே வெளியேறிய அச்சரிவில் இருமுறையும் இறுதிக்கோட்டைத் தொட்டது சிறிய செயலன்று.

மெழுகு பூசும் மேசை அவருக்குப் பள்ளி ஆயிற்று. தந்தையின் தொழிலை இழிவென்று எண்ணி ஒதுங்கியிருந்தால் அக்கொடி அவர் கைக்கு வந்திராது. அதே தொழிலே போதும் என்று கடைக்குள்ளேயே நின்றிருந்தாலும் வந்திராது. தொழிலைக் கற்று, அதன் வழியே அப்பாலும் சென்றார்.

பொன் தீர்ந்தது, பனியும் சில ஆண்டு பொய்க்கின்றது. தீராதது கைத்திறனும் கல்வியும். நம் பாட்டனார் துளையிட்ட கையும், நம் தந்தையார் விசை பிடித்த கையும் நமக்கு விட்டுச் சென்ற முதல் இதுவே. நம் காலனிச் சிறுவர் சிறுமியர் ஒவ்வொருவரும் ஒரு கைத்தொழிலும் ஒரு கல்வியும் சேர்த்துக் கற்றல் வேண்டும். அதற்கு நம் சங்கத்தின் மாலை வகுப்புகளும் நூலகமும் துணை நிற்குமாயின், இவ்வாண்டு விழா பயனுடைய விழாவாகும்.

வாழ்க உழைப்பு! வளர்க தமிழர் ஒற்றுமை!